பெக்கோ பாதையில் நடக்க வரும் தமிழ் நண்பர்களுக்கு



சென்னை, கோவை, கொழும்பு, யாழ்ப்பாணம், கடல் கடந்து லண்டன், டொரொண்டோ என்று பல திசைகளிலிருந்தும் எங்கள் மலைகளில் நடக்க வரத் தொடங்கியிருக்கிறீர்கள். வழிகாட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. தோளில் ஒரு பை, கைபேசியில் இறக்கி வைத்த வரைபடம், அவ்வளவுதான். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, தெற்கே இறங்கி, கிழக்கே ஊவாவைச் சுற்றி, நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதையைச் சொந்தக் காலில், சொந்த வேகத்தில் நடந்து தீர்க்கப் போகிறீர்கள். மனதார வரவேற்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உரிமையில் சிலவற்றைச் சொல்லவும் விரும்புகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது: வழியில் தமிழில் பேசுங்கள். கலஹாவிலும் பூண்டுலோயாவிலும் கடை வாசலில் நின்று ஆங்கிலத்தில் வழி கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வெளிநாட்டார் நடக்கும் பாதை என்பதால் அந்தப் பேச்சும் தானாக வந்துவிடுகிறது போலும். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பச்சை மலையும் பனியும் கிடைக்கும். உங்களுக்கோ அந்த மலையில் வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே புரியும். அந்த வாய்ப்பை வழியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பாதையின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த ஸ்பெயின்காரர் மிகேல் குனாட்டின் யோசனை அது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசும் பணம் தந்து உதவின. புதிதாக வெட்டிய வழி அதில் மிகக் குறைவு. கோப்பி மூட்டை சுமந்த வழி, மாட்டுக் கரத்தை ஓடிய வழி, கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும் வழி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் வழி, தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் வழி என்று இருந்தவற்றையெல்லாம் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று கோத்து, அடையாளப் பலகை நட்டார்கள். பெருமைக்குரிய வேலைதான். அந்த வழிகளைக் கல் உடைத்தும் மண் சுமந்தும் போட்டவர்கள் யார் என்பதைப் பலகைகள் முழுவதும் சொல்வதில்லை. அதை மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் மூதாதையர் இந்த மலைகளை அடைந்ததே ஒரு நெடுநடையால்தான். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிக் கிளம்பி, தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள்ளாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் தாகத்திலும் காய்ச்சலிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். முதல் தொகுதியினர் வந்த ஆண்டாக 1823ஐக் கொள்வது வழக்கம். அதன் 200 ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட மக்கள் ஆகஸ்டில் மாத்தளைக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். உங்கள் நடை விடுமுறை நடை. அதில் குறை காண நான் வரவில்லை. ஓய்வாக, மகிழ்ச்சியாக நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு, எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த நாள் வர வேண்டும். இந்த மண்ணில் அதற்கு முன்பும் ஒரு நடை நடந்திருக்கிறது என்பதை அறிந்து நடந்தால் போதும்.

இனி நடையைப் பற்றி.

எப்போது வருவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தேயிலைக்கு எது நல்ல காலமோ அதுவே நடைக்கும் நல்ல காலம். மேற்குச் சரிவில், அதாவது தலவாக்கலை, கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கத்தில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகல் வெயிலும் இரவுக் குளிரும் வறண்ட காற்றுமாக இருக்கும். அந்த வறட்சியில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் கூடும். அவ்வேளையில் பாதையும் காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. ஊவாப் பக்கத்தில், அதாவது அப்புத்தளை, எல்ல, பதுளைப் பக்கத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும்போதுதான் உலகப் புகழ் பெற்ற ஊவாத் தேயிலை கிடைக்கிறது. மேற்கே மழை கொட்டும் அதே மாதங்களில் கிழக்கே புல் காய்ந்து கிடக்கும். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க நினைப்பவர்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வாருங்கள். இரண்டு மூன்று தவணையாக நடப்பவர்களுக்குத் தெரிவு அதிகம். பாதை பல இடங்களில் கொழும்பு–பதுளை ரயில் வழியைத் தொடுகிறது. வட்டகொடை, கொட்டகலை, அப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று ஏறி இறங்க நிலையங்கள் உண்டு. அவசரமாக 22ஐயும் முடிப்பதைவிட ஐந்தாறு கட்டங்களை நிதானமாக நடப்பது மேல் என்பேன்.

மலைச்சரிவு எச்சரிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பாதையும் பாலமும் தண்டவாளமும் பல இடங்களில் சேதப்பட்டன. ஆகவே புறப்படுமுன் எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரியுங்கள். வந்த பிறகும் அந்தந்த ஊரில் கேளுங்கள். மழைக்குப் பின் எந்தச் சரிவில் தண்ணீர் கலங்கலாக ஊறுகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பெரும்பாலான கட்டங்கள் 10 முதல் 20 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏற்ற இறக்கம் தூரத்தை இரட்டிப்பாக்கும். பிற்பகலில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் செடியும் தெரியாது, பலகையும் தெரியாது. ஐந்து மணிக்கு மேல் தேயிலைக்குள் நிற்காதீர்கள். டயகம, பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, அவை தேயிலைச் செடிக்குள்ளேயே படுத்திருக்கும். சிறுத்தையைவிட எங்கள் பெண்கள் அஞ்சுவது குளவிக்கு. குளவிக் கொட்டுப் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிரிழப்பதும் தோட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. வாசனைத் திரவியம் பூசாதீர்கள், பாட்டு ஒலிக்கவிட்டு நடக்காதீர்கள், பெரிய மரத்தடியில் கல்லெறிந்து விளையாடாதீர்கள். "அந்தப் பக்கம் போகாதீங்க, கூடு இருக்கு" என்று யாராவது கை காட்டினால் பேசாமல் சுற்றுவழியில் போய்விடுங்கள்.

கைபேசி வரைபடத்தில் பாதை ஒரு கோடாகத்தான் தெரியும். தேயிலைக்குள் இறங்கினாலோ ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரு வழி இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை கொழுந்து பறிப்பதற்காக உள்ளவை. மலையின் நடுவே போய் நின்றுவிடும். வடிகால் கான் ஓரமாகப் போகும் அகலமான வழியும் கரத்தைப் பாதையும்தான் ஊருக்கு ஊர் போகும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துவிடும். அங்கே கேட்டுத்தான் போக வேண்டும், கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "கிட்டவா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "கிட்டத்தான்" என்பார்கள். நாள் முழுவதும் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஆறு கிலோமீட்டரும் கிட்டத்தான். "எந்த டிவிசன் வழியா போகணும்? ஸ்டோருக்கு மேலேயா கீழேயா? கோயில் வருமா?" என்று கேளுங்கள். துல்லியமாகச் சொல்வார்கள். டிவிசன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. எங்கள் மலைகளுக்கு எண் உண்டு, கோயில் உண்டு, கதை உண்டு. கவ்வாத்து வெட்டிய மலை எது, புதுக்கன்று நட்ட மலை எது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கைபேசியை நீட்டி வரைபடத்தைக் காட்டாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டே நடக்கத் தெரிந்தவரிடம் திரையில் புள்ளி தேடச் சொல்வது நியாயமில்லை.

அம்மா, அக்கா, ஐயா, தம்பி என்று கூப்பிடுங்கள். எங்கள் பேச்சு வழக்கு உங்கள் காதுக்குக் கொஞ்சம் பழையதாகக் கேட்கலாம். "எந்த ஊரு?" என்று அவர்களும் திருப்பிக் கேட்பார்கள். தமிழ்நாடு என்றால் உடனே தம் பாட்டன் ஊரைச் சொல்வார்கள், பலர் அதைப் பார்த்ததே கிடையாது. சிலர் கோத்தகிரி, கூடலூர் என்பார்கள். அங்கே அவர்களின் சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அட்டனிலும் கண்டியிலும் ரயிலேறியவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. ஊட்டிக்குப் போனபோது நீங்கள் குடித்த தேநீரை இவர்களுடைய தங்கையே பறித்திருக்கக்கூடும். அந்த உறவைப் பேசுவதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

பாதையில் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு வழிநூல்கள் நிறைய உள்ளன. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் முதல் தேயிலை நட்டதையும், தம்பதென்னைக்கு மேலே தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்தையும் எந்த நூலும் விடாது. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். லிப்டன் ஆசனத்துக்கு விடியும்போதே போய்விடுங்கள், ஒன்பது மணிக்குப் பனி மூடிவிடும். டெய்லரின் பழைய வீட்டு இடிபாட்டையும் நின்று பாருங்கள். உழைத்தே வாழ்ந்த மனிதர் அவர், 1892இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்தார்.

ஆனால் அதே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று அவரைச் சொல்வோம். பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்கு நடக்கும்போது மடக்கும்புரையைக் கேட்டு விசாரியுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த தோட்டம் அது. எங்கள் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர், தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், அடுத்த தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு வாக்கே இல்லை. கொட்டகலைப் பக்கம் டெவன் அருவியைப் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. அதையொட்டிய டெவன் தோட்டத்தில், தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் 1977 மே மாதத்தில் சுடப்பட்டார். வயதானவர்களைக் கேட்டால் அந்த நாளை இன்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

நீங்கள் இன்று தோட்டத்துக்குள் தாராளமாக நுழைகிறீர்கள். காவல்காரர் சிரித்து வழிவிடுகிறார். ஒரு காலத்தில் வெளியார் உள்ளே வருவது அத்துமீறல் குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் இந்தத் தோட்டங்களின் நிலையை நேரில் அறிய, துணி வியாபாரி வேடத்தில்தான் உள்ளே நுழைய முடிந்தது. பிறகு அவர் அட்டனில் தங்கித் தொழிற்சங்கம் கட்டினார். துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மூடியிருந்த இந்த வழி உங்களுக்குத் திறந்து கிடப்பதற்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது. இதைப் பாதைப் பலகையில் எழுதி வைக்கும்படி பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள், நடப்பவர் கேட்டால் காது கொடுப்பார்கள்.

இப்போது பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். இந்த மடலை நான் எழுதத் துணிந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

நீங்கள் நாள் முழுவதும் லயங்களின் வாசலை ஒட்டித்தான் நடப்பீர்கள். இரவு தங்குவதோ துரைமார் கட்டிய பழைய பங்களாவில், அல்லது நகரத்து விடுதியில். லயத்து வீட்டில் ஏன் ஓர் அறை கிடைப்பதில்லை என்று நினைத்துப் பார்த்தீர்களா? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்கிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அந்தக் காம்பரா அவர்களுடையது இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. ஐந்து தலைமுறையாகக் குடியிருப்பவர் கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாதவர் வங்கியில் கடன் வாங்க முடியாது, சுவரை இடித்து அறை கட்ட முடியாது, விருந்தினர் விடுதி என்று பதிய முடியாது. 7 பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த குடும்பங்கள் கொஞ்சம்தான். சுற்றுலா வளர்ந்தால் எல்லோருக்கும் வருமானம் என்கிறார்கள். காணி இல்லாதவருக்கு அது எந்த வழியில் வந்து சேரும்?

இதை நீங்கள் ஒரே நடையில் மாற்றிவிட முடியாது. ஆனால் உங்கள் பணம் எங்கே போய் நிற்கிறது என்பது உங்கள் கையில்தான். மொத்தப் பயணத்தையும் கொழும்பிலேயே பேசி முடித்துவிடாதீர்கள். காலைச் சாப்பாட்டை விடுதியில் பொட்டலம் கட்டி வாங்காமல், கடைவீதியில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் சாப்பிடுங்கள். அந்தச் சிறிய கடைகளில் பல, தோட்டத்து வேலையை விட்ட பிள்ளைகள் வைத்தவை. களைத்துப் போனால் அந்த ஊர் ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிடுங்கள். தோட்டத்து இளைஞர்களில் சிலர் பாதையில் வழிகாட்டிகளாகப் பயின்றிருக்கிறார்கள். தனியாக நடக்கத்தான் வந்தீர்கள், சரி. ஒரே ஒரு கட்டத்துக்காவது அவர்களில் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். காமன் கூத்து எங்கே நடக்கும், ஸ்டோர் இயந்திரத்துக்குக் காவலாக ரோதமுனி சாமிக்கு ஏன் படையல் வைக்கிறார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் கிடைக்காது. மாசி மாதத்தில் வந்தால் காமன் கூத்தை இரவிருந்து பாருங்கள். தோட்டமே கூடி ஆடும்.

வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த வேலையின் நெருக்கடியையும் தெரிந்துகொள்ளுங்கள். பல தோட்டங்களில் நாளைக்கு 16, 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பெயர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு. குறைந்தால் அரைப் பெயர், அரைச் சம்பளம். 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கையே பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் நிறைவேறியது. அப்படியிருக்க, நிரையில் நிற்கும் பெண்ணை நிறுத்தி நீங்கள் படம் எடுக்கும் பத்து நிமிடம் அவருடைய கிலோவில் குறையும். தேத்தண்ணி நேரத்தில் பேசுங்கள், கொழுந்து நிறுத்து முடிந்தபின் பேசுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். தலையில் கூடையை மாட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். இப்போது பலர் நைலோன் பையில்தான் பறிக்கிறார்கள். லயத்து வாசலில் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், அது வீடு. பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் வீசிப் பழக்காதீர்கள். கொடுக்க மனம் இருந்தால் அந்தத் தோட்டத்துப் பாடசாலை அதிபரைப் பார்த்து நூலகத்துக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலைகள் உங்கள் வழியில் எத்தனையோ. உங்களில் படித்தவர் பலர். விடுமுறையில் ஒரு பிற்பகல் வகுப்பில் நின்று உங்கள் தொழிலைப் பற்றித் தமிழில் பேசிவிட்டுப் போனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிது.

சில வீடுகளில் உங்களை உட்காரச் சொல்வார்கள். தேத்தண்ணி தருவார்கள். மறுக்காதீர்கள். நம் ஆட்கள் என்று நினைத்துத் தருவது அது. காசு நீட்டினால் மனம் நோகும். பையில் பிஸ்கட்டோ பழமோ வைத்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். குடிக்கும் தேத்தண்ணி வெறும் தூளில் போட்டதாக இருந்தால் வியக்க வேண்டாம். நல்ல தேயிலை ஏலத்துக்குப் போய்விடும். பறித்தவர் வீட்டுக்குத் தூள்தான் வரும்.

ஒரு வேண்டுகோள் மிஞ்சியிருக்கிறது. படம் எடுத்தால், அவர்கள் சம்மதத்தோடு எடுத்தால், அச்சுப் போட்டு அனுப்பி வையுங்கள். எத்தனையோ பேர் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்த படம் அபூர்வம். வெறும் பெயரும் ஊரும் எழுதினால் வந்து சேராது. எங்கள் லயங்களில் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் ஆள் தேடிப் போகும். ஆகவே பெயரோடு தகப்பன் பெயர், லய எண், டிவிசன், தோட்டம், தபால் நிலையம் எல்லாவற்றையும் அங்கேயே, அவர்கள் முன்னாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அனுப்பியபின், பக்கத்துக் கடையின் தொலைபேசிக்காவது அழைத்துச் சொல்லிவிடுங்கள். அவர்களே அலுவலகத்தில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
மலையகத்திலிருந்து ஒருவர்